அட்டவணைக்குள் வராத நேரம்

மாரத்தான் பயிற்சி அட்டவணையும் ஒரு பிரதிதான். பதினாறு வாரங்கள், நாளுக்கொரு கட்டம், கட்டத்துக்கொரு எண். 42.195 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. இந்தக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் அட்டவணை யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது கடைசி மூன்று வாரங்களில் தெரிந்துவிடுகிறது.

அந்த வாரங்களில் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். 30, 32 கிலோமீட்டர் ஓட்டங்கள் முடிந்தாயிற்று. இனி தூரத்தைப் படிப்படியாகப் பாதியாக்க வேண்டும். வேகத்தை விட்டுவிடக் கூடாது. தசைகள் ஆற வேண்டும், அவற்றில் கிளைக்கோஜன் நிரம்ப வேண்டும். அதற்கு நல்ல தூக்கம், மாவுச்சத்துள்ள சாப்பாடு, உட்கார்ந்திருக்க நேரம். அந்தச் சாப்பாட்டை ஆக்கிவைப்பது யார் என்று அட்டவணை கேட்பதில்லை. மாதவிடாய்க்கும் அதில் பெரும்பாலும் கட்டம் இல்லை.

பொட்டிப்புரத்தில் ஒரு பெண் இதைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்குள் சமையலை முடித்துவிட்டுக் காட்டுவேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர்களும் உண்டு. "இவ்வளவு வேலை செய்கிறவளுக்குத் தனியாக என்ன பயிற்சி?" என்பார்கள். பாராட்டுப் போலத் தோன்றும் இந்தப் பேச்சு ஏமாற்று. பயிற்சி என்பது உழைப்பும் ஓய்வும் சேர்ந்தது. அவளுடைய உழைப்பில் குறைக்கும் வாரம் என்று ஒன்று வருவதே இல்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 299 நிமிடம் என்பது ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. அந்த நேரத்தில் ஒரு மாரத்தானையே ஓடி முடிப்பவர்கள் உண்டு. இவள் அதைத் தினமும் முடிக்கிறாள், பதக்கமில்லாமல்.

பெண்ணின் களைப்பைப் பார்த்து உலகம் பயந்ததும் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று மிகைப்படுத்தி எழுதினார்கள். அதன்பின் 1960 வரை 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை. மாரத்தான் வந்தது 1984இல்தான். அடுப்படியில் விழுந்தவளுக்காக யாரும் அடுப்பைத் தடைசெய்யவில்லை.

2015இல் பெய்ஜிங்கில் 2:34:43 என்று தேசியச் சாதனை படைத்த ஓ.பி. ஜெய்ஷா, மறு ஆண்டு ரியோவில் 2:47:19இல் எல்லைக்கோட்டைத் தொட்டு மயங்கி விழுந்தார். வழியில் தண்ணீர் கொடுக்க நம் அணியிலிருந்து யாரும் இல்லை என்றார் அவர். தடகளச் சம்மேளனம் மறுத்தது. வழக்கு எப்படியானாலும், பதிவேட்டில் நிற்பது அவருடைய நேரம் மட்டும்தான். ஒவ்வொரு நேரத்துக்குப் பின்னாலும் சோறும் தண்ணீரும் நீட்டிய கைகள் இருக்கின்றன, அல்லது நீட்டாத கைகள். இரண்டையும் அந்த எண் மறைத்துவிடுகிறது.

அதனால் இலக்கு நேரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். "நான்கு மணி நேரத்துக்குள் ஓடப்போகிறேன்" என்று ஒரு பெண் வீட்டில் சொல்வது, தன் நேரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது. ஆனால் அதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: "கடைசி மூன்று வாரம் உலை வைப்பது நீங்கள்." வீட்டில் சண்டை இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் வரும். அது வரட்டும்.