ஓவியத்துக் கரையும் உண்மைக் கரையும்

தெஹிவளையிற் பிறந்த ஐவன் பீரிஸ் (1921–1988) தம் வாழ்வின் பிற்பகுதியை இங்கிலாந்திற் கழித்தவர். எனினும் அவரது தூரிகை மீண்டும் மீண்டும் நாடியது இக்கடற்கரையையே. '43 குழுவின் தாபக உறுப்பினருள் ஒருவரான அவருடைய கரைகளில் மனிதர் அசைவற்று நிற்பர். வானும் நீரும் மௌனத்தில் உறைந்திருக்கும். அந்த அழகினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அக்கரை காலத்துக்கு அப்பாற்பட்டதாகவே காட்சி தருகின்றது. உண்மைக் கரைக்கோ வரலாறு உண்டு. இன்று விலையும் உண்டு.

2014இல் தொடங்கிய துறைமுக நகருக்காகக் கடலில் 269 ஹெக்டேயர் நிலம் நிரப்பி எடுக்கப்பட்டது. 2020இல் கல்கிசைக் கரையிற் கொட்டிய மணலிற் பெரும்பகுதி சில வாரங்களிலேயே அலையோடு போயிற்று. கரையை விட்டு உள்ளே வந்தால், 1990இற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்தின் விளிம்புகளை மண்ணும் குப்பையும் விழுங்கி வந்துள்ளன. மழைநீர் தங்கும் இடத்தில் வீடு எழுந்தால், நீர் பிறகு வீட்டிலேதான் தங்கும்; இதனை அறியப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்த நகரத்துக் குப்பை 2017 சித்திரைப் புத்தாண்டு நாளிற் சரிந்து 30க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர்கள் அதன் அடிவாரத்து எளிய குடிகள்.

வளர்ச்சியின் விலையை யார் செலுத்துகிறார் என்னும் இவ்வினாவைக் கலையினுட் கொணர்ந்தவர்களாக நாம் கருதுவது கொம்பனித்தெருக் கலைஞர்களையே. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அவ்வாண்டிலும் பின்னரும் அங்கே வீடுகள் பல இடிக்கப்பட்டன. குடிகள் அடுக்குமாடிகளில் ஏற்றப்பட்டனர். அவ்வட்டாரத்தில் வாழும் ஃபிரி ரஹ்மான், தோழர்களுடன் சேர்ந்து 2018இல், 'நாங்கள் இவ்விடத்தவர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பணியைத் தொடங்கினார். அதில் மக்கள் வெறும் நிழலுருவங்கள் அல்லர். பெயரும் தொழிலும் நினைவும் உடையவர்கள். மரம் வீழ்ந்ததற்குக் கண்ணீர் வடித்து, அம்மரத்தடியில் வாழ்ந்தவனை மறக்கும் கலையினும் இது ஒரு படி மேலானது. ஒரு குறையும் சொல்லவேண்டும். மலாயும் தமிழும் சிங்களமும் ஒலிக்கும் தெருவின் முயற்சிக்கு ஆங்கிலத்திற் பெயரிடுவானேன்?

நம்மவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வெள்ளவத்தை முதல் தெஹிவளை வரை கடற்காற்றை மறித்து எழுந்த மாடிகளில் நம்மில் எத்தனையோ பேர் வாழ்கின்றோம். அவற்றின் கழிவுநீர் எந்த வாய்க்காலில், எவர் வாசல் வழியே செல்கிறது என்று கேட்ட தமிழ்க் கவிதை ஒன்றேனும் இதுவரை நம் கண்ணிற் படவில்லை.