வாளியில் நிற்கும் பந்தல்

கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பந்தல் பேசப் போனால், பந்தல்காரர் முதலில் தரும் வாக்கு இப்போது இதுதான்: "ரோட்டுல ஒரு ஓட்டை விழாதுங்க." கடப்பாரை கிடையாது, முளை அடிப்பது கிடையாது. காலி பெயின்ட் வாளியில் இரும்புக் குழாயை நிறுத்தி மணலையோ காங்கிரீட்டையோ கொட்டுகிறார்கள். அதன்மேல் கூரை ஏறிவிடுகிறது. நாகரிகமான முறை என்று தெருக்காரர்களும் மெச்சுகிறார்கள். குழி தோண்டிக் கால் ஊன்றுவது அந்தக் காலத்து முரட்டு வேலை என்றாகிவிட்டது.

சாலைக்கு இது நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. தாரில் போட்ட துளைக்குள் மழைநீர் இறங்கினால் அடியிலுள்ள ஜல்லி இளகும். கார்த்திகை முடிவதற்குள் துளை பள்ளமாகிவிடும். மொட்டைமாடியிலோ துளைத்தால் தளமே ஒழுகும். வேலையும் சீக்கிரம் முடிகிறது. இவ்வளவும் சரி.

ஆனால் பந்தலுக்குக் கால் எதற்கு என்பதையே இந்த முறை மறந்துவிட்டது. கீற்றும் மூங்கிலுமாகக் கூரை கனத்திருந்த நாளில், அந்தப் பாரத்தைத் தாங்கக் கால் வேண்டியிருந்தது. இன்றைய சாமியானாத் துணிக்கும் மெல்லிய தகரத்துக்கும் சொல்லும்படியான பாரமே இல்லை. தாங்குவதைவிட, கூரை மேலே கிளம்பிவிடாமல் பிடித்துக்கொள்வதே காலின் பெரிய வேலை. தரையைப் பிடிக்காத கால் எதைக் கொண்டு பிடிக்கும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 15 அடிக்கு 15 அடி சாமியானா ஏறக்குறைய 21 சதுர மீட்டர். மொத்தம் 250 கிலோ. அதில் பாதிதான் கூரையைத் தூக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் 125 கிலோ. 20 லிட்டர் வாளி நிறைய மணல் சுமார் 30 கிலோ. நாலு வாளிக்கு 120. துணியும் குழாயும் தரும் சிறு எடையில்தான் பந்தல் தப்புகிறது. காற்று 70 கி.மீ.யைத் தொட்டால் தூக்கும் விசை இரட்டிக்கும். 100 ஆனால் நாலு மடங்கு. கோடைமழைக்கு முன்னால் சுழற்றி அடிக்கும் காற்றுக்கு 70 பெரிய வேகமே இல்லை. மணலுக்குப் பதில் காங்கிரீட் கொட்டினாலும் ஒரு வாளி 50 கிலோவைத் தாண்டாது.

இதுவும் தனிச் சாமியானாவுக்கான கணக்குதான். தெரு நீளத்துக்குப் பத்தைச் சேர்த்துக் கட்டும்போது பக்கத்துப் பந்தலும் இதுவும் ஒரே காலைப் பகிர்ந்துகொள்கின்றன. பத்துச் சாமியானாவுக்கு 22 கால், 22 வாளி. அதாவது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாளிக்குச் சற்று மேல். பந்தல் நீள நீள அதைப் பிடித்திருக்கும் பிடி குறைகிறது. கூட்டம் கூடுவதோ நீளப் பந்தலில்தான்.

இழுவைக் கயிறு கட்டி அதை மணல் மூட்டையில் முடிகிறோமே என்பார்கள். சாய்ந்து இழுக்கும் கயிறு மூட்டையை மேலே தூக்கும், பக்கவாட்டிலும் இழுக்கும். தூக்கத் தூக்கத் தரையோடு உள்ள உராய்வு குறையும். 45 பாகைச் சாய்வில், தார்மேல் வைத்த மூட்டை தன் எடையில் ஏறக்குறைய பாதி அளவு இழுவைக்கே நகரத் தொடங்கிவிடும். மண்ணில் சாய்த்து அடித்த முளையைச் சுற்றியுள்ள மண்ணே இறுக்கிப் பிடிக்கிறது. மூட்டையைப் பிடிக்க யாருமில்லை. அதைவிடக் கொடுமை, மூட்டை தூக்கும் சிரமத்துக்கு அஞ்சிக் கயிற்றை மின்கம்பத்தில் கட்டுவது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் பந்தல்களில் வெயிலுக்காகவும் புழுதிக்காகவும் மூன்று பக்கமும் துணியால் மறைத்துவிடுகிறார்கள். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது கூரையைத்தான் முட்டும்.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் கடைசி வாதம். எனக்குப் பொறுக்காததும் அதுதான். ஒரு பந்தல் நிற்பது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் பெருங்காற்று வராததைத் தங்கள் வேலையின் உறுதி என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டம் ஜசோலில், ராமகதை கேட்க உட்கார்ந்திருந்தவர்கள்மேல் பந்தல் சரிந்து பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். திடீரெனக் கிளம்பிய சூறைக்காற்றுதான் காரணம். இரும்புச் சட்டத்தில் மின்சாரமும் பாய்ந்தது. நம் பந்தல்களிலும் சட்டம் இரும்புதான், அதன்மேல் சீரியல் பல்புதான்.

2004-இல் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்திலும் கும்பகோணம் பள்ளியிலும் கீற்று எரிந்து அத்தனை உயிர் போன பிறகு, பந்தல் என்றாலே எல்லாரும் நெருப்பைப் பற்றிக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். தற்காலிகப் பந்தல்களுக்கென்று உள்ள இந்தியத் தரநிலை ஐ.எஸ். 8758-உம் தீயைப் பற்றியதே. கீற்று போய்த் தகரமும் தார்ப்பாயும் வந்தபோது காற்று கசிய இருந்த இடுக்குகளும் போயின. அதைப் பற்றிக் கேள்வி கேட்டு அனுமதி தந்த அதிகாரி எவரையும் நான் பார்த்ததில்லை.

துளையே ஆகாது என்றால் ஒவ்வொரு காலிலும் 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் வைத்து, காலை அதோடு இறுகப் பிணைக்கட்டும், பக்கத்துணியை அவிழ்க்கட்டும், காற்று கிளம்பியதும் கூரையை இறக்க ஆள் நிற்கட்டும். நிலையான வழி நம் கோயில்களில் இருக்கிறது. பழைய பிராகாரங்கள் பலவற்றின் கல் தளத்தில் பந்தக்கால் நிறுத்தவென்றே குழி வெட்டியிருப்பதைக் காணலாம். கல்லைவிடக் கடினமான தரை எது? ஒரு தரம் ஒழுங்காக வெட்டியதால் திருவிழாதோறும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. தெருவோரத்தில் காங்கிரீட்டில் இரும்புக் குழாய் பதித்து, தண்ணீர் இறங்காதபடி மூடி போட்டால் சாலையும் பிழைக்கும், பந்தலும் நிற்கும். வாலிபால் கம்பத்துக்கு விளையாட்டுத் திடல்களில் இதைத்தான் செய்கிறார்கள். பந்தல் போடும் தெருக்கள் எவை என்பது வார்டு அலுவலகத்துக்குத் தெரியாததல்ல. அந்தத் தெருக்களில் குழாய் பதிக்கும்வரை வாளிப் பந்தலுக்கு அது அனுமதி தரக் கூடாது.