புனைகதையில் அணங்கும் மருட்கையும்: திறனாய்வு நெறி பற்றிய ஓர் ஆராய்ச்சி

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-ஆம் ஆண்டில் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது. அன்று தொட்டு இன்றுவரை அக்கதையைப் பற்றி எழுந்த பேச்சுகளில் பெரும்பகுதி ஒரே வினாவைச் சுற்றி வருகின்றது: ஆசிரியருக்குப் பேயில் நம்பிக்கை உண்டா, இல்லையா? உண்டு என்பார், பகுத்தறிவு நோக்குடைய எழுத்தாளர் ஒருவர் மூடநம்பிக்கைக்கு இடங்கொடுத்தாரே என்று வருந்துவர். இல்லை என்பார், பேயை மனநோயாகவோ அடக்கிய விருப்பத்தின் உருவமாகவோ மாற்றிப் பொருள் கூறி அமைதி அடைவர். இருவரும் கதையை விட்டு ஆசிரியரின் கொள்கைக்குச் சென்றுவிடுகின்றனர் என்பது வெளிப்படை. அண்மைக் காலத்து ஆய்வேடுகளில் மூன்றாவது ஒரு வழி பெருகியுள்ளது. இயற்கை கடந்த நிகழ்ச்சி எதுவாயினும் அதனை ‘மாய யதார்த்தம்’ என்று பெயரிட்டு, அப்பெயரிடுதலையே முடிவாகக் கொள்ளும் வழி அது. பெயர் இடுதல் ஆராய்ச்சியின் தொடக்கமே ஆகும், முடிவு ஆகாது.

இத்தகைய கதைகளை எவ்வாறு படிப்பது, எதனை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுவது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. இதற்கு வேண்டும் கருவிகளுள் சில நம் இலக்கண நூலிலும் உரைகளிலும் உள்ளன. ஆனால் அவற்றைச் செய்யுளுக்கு மட்டுமே உரியன என்று ஒதுக்கிவைத்துள்ளோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காக வகுத்தார். அச்சம் பிறக்கும் நான்கனுள் முதலாவது அணங்கு. ஏனைய விலங்கு, கள்வர், தம் இறை என்பன. மருட்கை எனப்படும் வியப்புக்கு நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு. இவ்வகுப்பில் கருதத் தக்கது ஒன்றுண்டு. பேயும் பூதமும் பற்றிய அச்சம் ஒரு தலைப்பிலும், முன் காணாத பொருளைக் கண்டு தோன்றும் வியப்பு வேறு தலைப்பிலும் நிற்கின்றன. நம் திறனாய்வாளர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘அமானுஷ்யம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றனர். காஞ்சனையையும் மௌனியின் யாளியையும் ஒரே அளவுகோலால் அளக்க முயன்று இரண்டையும் இழப்பது இதனால் நேர்வதே.

அணங்கு என்பதற்குப் பேராசிரியர் கூறும் உரை இன்னும் விரிந்தது. பேய் பூதம் முதலான கணங்களோடு நில்லாமல் இடியோசை போல்வனவற்றையும் அவர் அதனுள் அடக்குகின்றார். ஆகவே அணங்கு என்பது ஒரு பொருளின் பெயர் என்பதைவிட, ஒருவனை வருத்தும் ஆற்றலின் பெயர் எனலே பொருந்தும். அது புறத்தே உளதா, அகத்தே எழுந்ததா என்னும் வினா அங்கு எழவேயில்லை. வருத்துகின்றதா என்பதே வினா.

அவ்வுரையாசிரியர் மற்றோர் இடத்தில் தரும் நுட்பம் இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடி போன்றது. பேயையோ புலியையோ கண்டு ஒருவன் அஞ்சுகின்றான். அஞ்சி நடுங்கும் அவனை மற்றொருவன் காண்கின்றான். இரண்டாமவனுக்கு அச்சம் பிறக்குமா? பிறவாது என்கின்றார் பேராசிரியர். அஞ்சினவனைக் கண்டோர்க்கு நகை பிறக்கலாம், அல்லது இரக்கம் பிறக்கலாம். அச்சம் பிறத்தற்கு இடம் இல்லை. நாடக அரங்கினை மனத்திற் கொண்டு அவர் கூறிய கருத்து இது. ஆயினும் நம் பேய்க்கதைகளுள் பெரும்பாலானவை ஏன் தோல்வியுறுகின்றன என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வார இதழ்க் கதைகளில் ஒருவன் அலறுகின்றான், வியர்க்கின்றான், மயிர் சிலிர்க்கின்றான், மயங்கி விழுகின்றான். படிப்பவன் அமைதியாகப் பக்கத்தைப் புரட்டுகின்றான். அஞ்சியவனைக் காட்டினார்களே ஒழிய, அஞ்சப்படும் பொருளைக் காட்டவில்லை.

‘காஞ்சனை’ இத்தடையை எவ்வாறு கடந்தது என்று காண்போம். கதை தன்மைக் கூற்றில் அமைந்தது. கூறுபவன் ஓர் எழுத்தாளன். இரவில் உறக்கமின்றிக் கிடக்கும் அவனுக்கு இன்னதெனத் தெரியாத நாற்றங்கள் தோன்றி மறைகின்றன. வாயிலுக்கு வந்த பிச்சைக்காரி ஒருத்தியை மனைவி வேலைக்கு அமர்த்திக்கொள்கின்றாள். கணவன் உள்ளத்தில் ஐயம் வேர் விடுகின்றது. மனைவி அதனைப் பொருட்படுத்துவதில்லை. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது நம் நாட்டு வழக்கு. கணவனும் அவள் காலை நோக்குகின்றான். கால் தரையில் பாவியே இருக்கின்றது!

இவ்விடத்தில்தான் கதையின் வெற்றி அடங்கியுள்ளது என்பது என் துணிபு. வழக்கறிவு தந்த ஒரே சோதனையில் அவள் தேறிவிட்டாள். அச்சம் அதனால் தணிந்திருத்தல் வேண்டும், தணியவில்லை. ஏனெனில் இனி அச்சத்தைத் தீர்க்கவோ உறுதிப்படுத்தவோ வேறு சோதனை இல்லை. கதையின் இறுதியில் நள்ளிரவில் நீறு தந்து காக்க வருபவன் ஒருவன் இருக்கின்றான். அவன் கால்களோ தரையில் பாவவில்லை. ஐயுறப்பட்டவள் மனிதரின் அடையாளத்தோடும், காத்தவன் பேயின் அடையாளத்தோடும் நிற்கின்றனர். எவர் நட்பு, எவர் பகை என்று பிரித்தறியும் கருவியே முறிந்துவிட்டது. இங்கு நாம் அஞ்சி நடுங்கும் ஒருவனைக் காணவில்லை. அவன் கண்ணால் அக்கால்களையே காண்கின்றோம். பேராசிரியர் கூறிய இரண்டாமவன் என்னும் நிலை நமக்கு இல்லாமற் போய்விடுகின்றது. தன்மைக் கூற்று இங்கு அணியாக நிற்கவில்லை. அச்சம் பிறத்தற்கு இன்றியமையாக் காரணமாக நிற்கின்றது. இக்கதையைப் படர்க்கையில் மாற்றிச் சொல்லிப் பார்க்க விரும்பும் மாணவர் சொல்லிப் பார்க்கலாம். மனைவியின் வேலைக்காரியைக் கண்டு வெருளும் கணவன் ஒருவனைப் பற்றிய நகைச்சுவைக் கதையே எஞ்சும்.

இதற்கு அவ்வாசிரியரே சான்று தந்துள்ளார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படர்க்கையில் நடப்பது. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கடவுள் வந்து நிற்கின்றார். பிள்ளை அஞ்சவும் இல்லை, வியக்கவும் இல்லை. காப்பிக்கு அழைத்துச் செல்கின்றார். தம் வைத்திய இதழுக்குச் சந்தா கேட்கின்றார். அச்சமும் மருட்கையும் பிறக்க வேண்டிய இடத்தில் அவை பிறவாமையால் நகை பிறக்கின்றது. இயற்கை கடந்த பொருள் இரு கதைகளிலும் உண்டு. மெய்ப்பாடு முற்றிலும் வேறு. பொருளை மட்டும் கொண்டு கதைகளை வகைப்படுத்துவோர் இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்பர்.

இனி மருட்கை. மௌனியின் ‘அழியாச்சுடர்’ 1937-இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. கோயிலில் தான் விரும்பிய பெண்ணை நோக்கி ஒருவன் ஒரு சொல் சொல்கின்றான். அப்பொழுது தூணில் செதுக்கிய யாளி பின்கால்களில் எழுந்து நிற்பதாகக் காண்கின்றான். இங்கு அச்சத்திற்கு வேலை இல்லை. கல் அசைந்தது என்பதைவிட, சொன்ன சொல்லின் எடை கல்லையும் அசைத்தது என்பதே படிப்பவன் பெறுவது. பெருமை என்னும் நிலைக்களனில் பிறந்த மருட்கை இது என்க. யாளியை ‘அடக்கிய காமத்தின் குறியீடு’ என்று எழுதி நிறுத்தும் கட்டுரைகளை யான் பல கண்டுள்ளேன். குறியீடு என்று கொண்ட அந்நொடியே யாளி மீண்டும் கல்லாகிவிடுகின்றது. விளக்கம் தவறு என்று கூறவில்லை. விளக்கத்திற்குப் பின்னும் யாளி நின்றுகொண்டிருந்தால்தான் விளக்கம் பயனுடையது.

‘சாப விமோசன’த்தில் நிலை வேறு. அகலிகை கல்லாக இருந்து பெண்ணானதைக் கதையில் எவரும் ஐயுறவில்லை. அது காப்பியம் தந்த முதல். இராமன் சீதையைத் தீப்புகச் செய்தான் என்று கேட்டு அவள் மீண்டும் கல்லாகின்றாள். ஒன்று மற்றொன்றாகத் திரிதலை ஆக்கம் என்று கொண்டால் இதுவும் மருட்கையே. எனினும் அம்மருட்கை கல்லிடத்தில் இல்லை, காரணத்திடத்தில் உள்ளது. முதன்முறை பிறர் சாபத்தால் கல்லானவள் இரண்டாம் முறை எவர் சாபமும் இன்றிக் கல்லாகின்றாள். மாயம் இங்கு ஒரு தீர்ப்பின் வடிவம். இதனை ‘மீயியல்பு’ என்று பெயரிட்டு ஒதுக்குவார்க்கு அத்தீர்ப்பு செவியில் விழாது.

மேனாட்டார் கருத்துகளை இங்குச் சுருங்கக் காணலாம். ஆந்திரே பிரெத்தோன் தம் மீமெய்யியல் அறிக்கையை 1924-இல் வெளியிட்டார். பிரான்சு ரோ 1925-இல் ‘மாய யதார்த்தம்’ என்னும் தொடரை ஓவியத்தைக் குறித்தே ஆண்டார். அலேஹோ கார்ப்பெந்தியர் 1949-இல் தம் புதினத்தின் முன்னுரையில், தம் நிலத்தின் வாழ்வே வியத்தகு மெய்ம்மை என்றார். மார்க்கேசின் பெரும்புதினம் 1967-இல் வந்தது. தமிழில் தமிழவனின் ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ 1985-இல் வந்தபின் இத்தொடர் நம்மிடையே பரவிற்று. பிறமொழிக் கொள்கைகளுள் நமக்கு மிகவும் பயன்படுவது தொதரோவ் 1970-இல் கூறியது: நிகழ்ந்தது இயற்கையா, இயற்கை கடந்ததா என்று படிப்பவன் தயங்கும் வரையில்தான் அவ்வகைக் கதை நிலைபெறும். ‘காஞ்சனை’க்கு இது நன்கு பொருந்துகின்றது. ‘சாப விமோசன’த்திற்குச் சிறிதும் பொருந்தாது, அங்குத் தயக்கமே இல்லை. ஆகவே தயக்கத்தைப் பொது அளவுகோலாகக் கொள்ளுதல் இயலாது.

நம் மக்கள் இத்தயக்கமின்றியே மாயத்தைக் கேட்டுப் பழகியவர் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. திருவண்ணாமலை மாவட்டத்துத் தேசூரை எடுத்துக்கொள்வோம். பட்டு நெசவு நடக்கும் ஊர் அது. அப்பகுதியெங்கும் திரௌபதியம்மன் விழாவில் பாரதக் கூத்து நடைபெறும். துரியோதனன் மண்ணாற் செய்த பேருருவாய்த் தரையில் கிடப்பான். படுகளத்தன்று அவன் தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். பகலெல்லாம் குழித்தறியில் இருந்து பாவும் ஊடையும் கண்ட கண்கள்தாம் அதனைக் காண்கின்றன. அது மண் என்று அறியாதவர் அங்கு எவரும் இலர். வேடம் புனைந்தவர் இன்னார் என்பதும் தெரியும். தெரிந்தும் அருள் வந்து ஆடுகின்றனர். ‘நம்புகின்றார்களா?’ என்று புறத்தே நின்று கேட்பவர், பேராசிரியர் காட்டிய இரண்டாமவரைப் போன்றவர். அவருக்குக் கிடைப்பது நகையோ இரக்கமோதான்.

தேசூர்க்கு அண்மையில் உள்ளது தெள்ளாறு. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்குப் போர் வென்றமையால் ‘தெள்ளாறெறிந்த’ என்னும் அடைமொழி பெற்றவன் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன். அவன்மீது பாடப்பட்டது நந்திக்கலம்பகம். அறம் வைத்துப் பாடிய அந்நூலைக் கேட்கும் ஆசையால், பாடல்தோறும் பந்தல் எரிய, இறுதியில் ஈமவிறகின்மேல் அமர்ந்து கேட்டு மன்னன் மாண்டான் என்பது வழிவழிக் கதை. வரலாற்று அறிஞர் இதனை ஏற்பதில்லை, ஏற்காமை முறையே. ஆயினும் வரலாறு அன்று என்று தள்ளியபின் திறனாய்வாளனுக்கு வேலை எஞ்சியுள்ளது. இக்கதையில் சொல் கொல்கின்றது. எனினும் அஞ்சி ஓடுபவர் எவரும் இலர். கொல்லும் என்று தெரிந்தே கேட்பவன் கேட்கின்றான். பிறக்கும் மெய்ப்பாடு அச்சம் அன்று, பெருமிதம்! அணங்கு இருந்தும் அச்சம் இல்லாத கதை இது. இதனைப் பேய்க்கதை வரிசையில் வைத்தலும் சாபக்கதை வரிசையில் வைத்தலும் பொருந்தா.

இவ்வகைக் கதைகளில் எதுவும் நிகழலாம் ஆகலின் அவற்றிற்கு ஒழுங்கு வேண்டுவதில்லை என்பார் உளர். இதற்கு மணிமேகலை விடை தருகின்றது. சக்கரவாளக் கோட்டத்தில் பேயைக் கண்ட சார்ங்கலன் என்னும் சிறுவன், வீடு சென்று தாயிடம் உரைத்து உயிர் விடுகின்றான். கண்ணற்ற தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் மகனுயிரைக் கேட்கின்றாள். தன்னுயிரைக் கொண்டாவது தருக என்கின்றாள். தெய்வமோ, சென்ற உயிரை மீட்டல் எத்தெய்வத்தாலும் ஆகாது என்று கூறி, அனைத்துத் தெய்வங்களையும் அவள்முன் வருவித்துச் சான்று கூறச் செய்கின்றது. பேய் தோன்றலாம், தெய்வம் பேசலாம், அண்டத்துக் கடவுளர் எல்லாரும் ஒரு கிழவியின் முன் வந்து நிற்கலாம். இறந்த சிறுவன் மட்டும் எழுதல் இயலாது. சாத்தனார் இவ்வோர் எல்லையைக் கோடாமல் காத்தமையால்தான் மற்றைய மாயங்கள் அனைத்தும் எடை பெறுகின்றன. கோதமைக்காக அவர் அவ்வெல்லையைத் தளர்த்தியிருப்பின் கேட்போர் மகிழ்ந்திருப்பர். காதையோ அங்கேயே வீழ்ந்திருக்கும்.

‘காஞ்சனை’யில் அத்தகைய எல்லை எது என்பது இன்னும் ஆராயப்படவில்லை. நீறு பூசியதும் அவள் வாராமை ஓர் எல்லையா, அன்றிக் கதையை முடிக்க நேர்ந்த ஓர் உத்தியா? கால் பாவாதவன் தந்த நீறு அது என்பதனால் விடை எளிதன்று. யான் முன்னதன் பக்கமே சாய்கின்றேன். ஆயினும் நீறு அளிக்கப்படும் அப்பகுதி, ஏனைய பகுதிகளை நோக்க, விரைந்து எழுதப்பட்டதாகவே தோன்றுகின்றது.