ஊக்கு குத்தியவர்களும் ஊசி பிடித்தவர்களும்

பங்க் உடைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். 'துணிமணியப் பத்தியெல்லாம் எழுத நமக்கு எங்கய்யா நேரம்?' என்றார். அப்படிக் கேட்டபோது அவர் கதர் ஜிப்பா அணிந்திருந்தார். தோளில் ஜோல்னாப் பை, முகத்தில் பத்து நாள் தாடி. பத்தாண்டுகளாக அவரை நான் வேறு கோலத்தில் பார்த்ததில்லை. உடை ஒரு பொருட்டே அல்ல என்று அறிவிப்பதற்கும் ஓர் உடை தேவைப்படுகிறது. ஒரு கூட்டத்திற்குள் நுழைகிறவரை, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, இவர் நம்ம ஆளா இல்லையா என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம். அதைத் தீர்மானிப்பது துணிதான். ஆக, நேரமின்மை அல்ல காரணம். நம்முடையது சீருடை என்று ஒத்துக்கொள்ள நமக்குக் கூச்சம்.

இந்தக் கூச்சம் இல்லாமல் எழுதியவர் டிக் ஹெப்டிஜ். பர்மிங்ஹாம் சமகாலக் கலாச்சார ஆய்வு மையத்தில் ஸ்டூவர்ட் ஹாலிடம் பயின்றவர். (அந்த மையத்தின் வழிவந்த துறையைப் பல்கலைக்கழகம் 2002இல் இழுத்து மூடியது வேறு கதை.) 1979இல் வந்த அவருடைய 'உட்கலாச்சாரம்: பாணியின் அர்த்தம்' என்ற சிறு நூல், ழான் ஜெனேயின் சட்டைப்பையில் போலீஸ் கண்டெடுத்த ஒரு வாசலின் குழாயில் தொடங்குகிறது. அற்பப் பொருள்தான். ஆனால் வைத்திருப்பவனை அது காட்டிக்கொடுக்கிறது, அதனாலேயே அவனுக்கு அது பெருமையாகவும் ஆகிறது. டெடி பாய்ஸ், மாட்ஸ், ஸ்கின்ஹெட்ஸ், பங்க் என்று போருக்குப் பிந்தைய பிரிட்டனின் இளைஞர்கள் கடைப்பொருட்களை எடுத்து அவற்றின் அர்த்தத்தைத் திருடிக்கொண்டார்கள் என்பது ஹெப்டிஜின் வாதம். லெவி-ஸ்ட்ராஸ் சொன்ன 'பிரிகோலாஷ்', அதாவது கைக்குக் கிடைத்ததைக் கொண்டு சமாளித்துச் செய்வது, இங்கே கலகத்தின் இலக்கணம் ஆகிறது. ஊக்கு கன்னத்தில் ஏறுகிறது. கழிவறைச் சங்கிலி மார்பில் தொங்குகிறது. பிறகு ஆதிக்கக் கலாச்சாரம் இரண்டு வழிகளில் இதை விழுங்கிச் செரிக்கிறது. ஒன்று சரக்காக்கி விற்பது. மற்றது, 'பாவம், இவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தானே' என்று பத்திரிகைகள் வழியே பழக்கப்படுத்திவிடுவது.

நம் வீடுகளில் பெண்களின் தாலிக்கொடியிலும் வளையலிலும் ஊக்குகள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறோம். அதில் கலகம் ஏதுமில்லை, அவசரத்துக்கு உதவும் என்ற முன்யோசனைதான். ஊக்குக்கென்று சொந்தமாக அர்த்தம் கிடையாது என்று ஹெப்டிஜே சொல்கிறார். அதில் எனக்குப் பிணக்கில்லை. பிணக்கு அவர் சொல்லும் கதையின் வரிசையில்தான். முதலில் தெருவில் கலகம், பின்னால் வியாபாரி. கேட்க நன்றாக இருக்கிறது. நாமும் கிராமியக் கலையிலிருந்து புதுக்கவிதை வரை எல்லாவற்றையும் பற்றி இதே கதையைத்தான் சொல்லிவருகிறோம்: ஆதியில் தூய்மை, பிறகு சந்தை.

ஆனால் பங்க் ஒரு கடையில் பிறந்தது. லண்டன் கிங்ஸ் ரோடு, 430ஆம் எண். மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் 1971இல் 'லெட் இட் ராக்' என்ற பெயரில் அங்கே கடை போட்டார்கள். 1974இல் அதன் பெயர் 'செக்ஸ்', 1976இல் 'செடிஷனரீஸ்'. செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழுவின் பெயரிலேயே கடையின் பெயர் இருக்கிறது. குழுவின் க்ளென் மாட்லாக் அந்தக் கடையில் வேலை பார்த்த பையன். ஜானி ராட்டனுக்குக் குரல் தேர்வு நடந்தது கடையிலிருந்த ஜூக்பாக்ஸ் முன்னால். கால்சட்டை விற்க ஒரு பாட்டுக்குழு உதவும் என்பதை மெக்லாரன் மறைத்ததே இல்லை. ஆக, விழுங்க வந்த வியாபாரி வெளியிலிருந்து வரவில்லை. பிரசவ அறையிலேயே இருந்தான். 'அப்படியானால் எல்லாமே ஏமாற்று' என்று துள்ளுகிறவர்கள் உண்டு. அதுவும் பழைய தூய்மைவாதம்தான், தலைகீழாக நிற்கிறது, அவ்வளவே. சந்தைக்குள் பிறந்ததாலேயே ஒன்று பொய்யாகிவிடுமா என்ன? அச்சேறி, விலை போட்டு வருகிற இந்த இதழும் ஒரு சரக்குதான்.

நான் கேட்க விரும்புவது வேறு. தைத்தது யார்?

வெஸ்ட்வுட் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆரம்ப நாட்களின் துணிகளைத் தெற்கு லண்டனில் தன் அடுக்ககத்தில் உட்கார்ந்து அவரே தைத்தார். கோழி எலும்புகளை வேகவைத்துச் சுத்தம்செய்து, துளையிட்டு, சங்கிலியால் கோர்த்து 'ராக்' என்ற எழுத்துகளாக டி-ஷர்ட்டில் பொருத்தினார். அந்தச் சட்டை இப்போது அருங்காட்சியகப் பொருள். எலும்பு வேகும் நாற்றத்தை எந்தக் கோட்பாடும் பதிவு செய்யவில்லை. பங்க் பற்றிய எழுத்துகளில் மெக்லாரனுக்கு சிச்சுவேஷனிஸ்ட் சிந்தனை, பாரிஸ் 1968, ஆத்திரமூட்டும் அரசியல் எல்லாம் உண்டு. வெஸ்ட்வுட்டுக்கு நெடுங்காலம் வரை தையல் இயந்திரம் மட்டுமே. கருத்து அவருடையது, ஊசி இவருடையது! பின்னாளில் வெஸ்ட்வுட் உலகப் புகழ் பெற்று, 2006இல் 'டேம்' பட்டமும் வாங்கி, 2022இல் இறந்தார் என்பதால் இந்தப் பிரிவினை இல்லையென்று ஆகிவிடாது. அவர் தப்பித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஏஞ்சலா மெக்ராபி 1980இலேயே இந்த இடத்தில் ஹெப்டிஜையும் தன் பர்மிங்ஹாம் தோழர்களையும் மடக்கினார். தெருவையும் தெருவில் திரியும் ஆண்பிள்ளைகளையும் மட்டும் பார்த்தால் வீடு எங்கே போனது, பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். 1989இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் பழந்துணிச் சந்தைக்கே போய்விட்டார். உட்கலாச்சாரப் பாணிகள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பழைய துணிகளைத் தேடிப் பிடித்து, வெளுத்து, பிரித்துத் தைத்து, கடைபோட்டு விற்ற ஒரு சின்னப் பொருளாதாரம் அடியில் இருந்தது. அதில் பெண்களின் உழைப்பு கணிசமானது. 'வாங்குவது' என்றாலே கேவலம் என்று நினைத்ததால் கோட்பாட்டாளர்களின் கண்ணில் அது படவில்லை.

இரண்டு பெண்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஜோர்டன் என்று அறியப்பட்ட பமேலா ரூக். 'செக்ஸ்' கடையின் விற்பனைப் பெண், 2022இல் மறைந்தார். சீஃபோர்டு என்ற கடற்கரை ஊரிலிருந்து தினமும் ரயிலில் லண்டனுக்கு வேலைக்கு வந்தவர். கடையின் ரப்பர் உடைகள், கிழிந்த வலைக் காலுறை, முகத்தில் கோடுகோடாக மை. சக பயணிகளின் வசவு பொறுக்காமல் ரயில்காரர்களே அவரை முதல் வகுப்புப் பெட்டியில் உட்காரவைத்த கதை பிரசித்தம். குறி, குறிப்பான் என்று நாம் எவ்வளவு பேசினாலும் அந்த உடையின் விலையை அவர் உடம்பால்தான் கொடுத்தார், தினமும் இரண்டு வேளை. மற்றவர் பாலி ஸ்டைரீன். சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்தவர். 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' குழுவின் பாடகி ஆவதற்கு முன்பு கிங்ஸ் ரோடு அருகே சந்தையில் சின்னக் கடை வைத்துத் துணி விற்றவர். பல்லில் கம்பியோடு, கண்ணைக் கூசும் நிறங்களில், மெக்லாரன் கடையின் கறுப்புத்தோல் கவர்ச்சிக்கு நேர் எதிராக மேடையேறினார். இவரை விட்டுவிட்டு எழுதப்படும் பங்க் வரலாறு வெள்ளை ஆண்களின் வரலாறு.

இனி ஸ்வஸ்திகா. இதைத் தாண்டிப்போக முடியாது. பங்க் இளைஞர்கள் நாஜிச் சின்னத்தை அணிந்தார்கள். 'டிஸ்ட்ராய்' சட்டையிலும் அது இருந்தது. அர்த்தம் காலியாக்கப்பட்ட குறி அது, அதிர்ச்சி தவிர அதில் ஒன்றுமில்லை என்கிறார் ஹெப்டிஜ். யாருக்குக் காலி? நேஷனல் ஃப்ரண்ட் என்ற பாசிசக் கட்சி அதே தெருக்களில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. 1977 ஆகஸ்டில் லூயிஷாமில் மோதல் நடந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த கறுப்பருக்கோ ஆசியருக்கோ அந்தச் சின்னம் காலியாக இருந்திருக்க முடியாது. குறிகளின் விளையாட்டு என்று சொல்லும்போதெல்லாம் விளையாட்டில் அடிபடுகிறவர் யார் என்றும் பார்த்தாக வேண்டும்.

புறத்திணை படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெட்சி சூடியவன் நிரை கவர வருகிறான், கரந்தை சூடியவன் மீட்க வருகிறான். பூவைப் பார்த்ததும் கட்சி தெரிந்துவிடும். எழுபதுகளின் பிரிட்டனில் அந்த வசதி இல்லை. அதே பூட்ஸ், அதே மழித்த தலை, இரண்டு அணியிலும் இருந்தது. பங்க் எந்தப் பக்கம் என்பது உடையில் தீர்மானமாகவில்லை, அமைப்பில் தீர்மானமாயிற்று. எரிக் கிளாப்டன் 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதை ஒட்டிப் பிறந்தது 'இனவாதத்திற்கு எதிரான ராக்' இயக்கம். 1978 ஏப்ரல் 30இல் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவுக்கு ஊர்வலம் போய், அங்கே ஒரே மேடையில் க்ளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் எல்லோரும் பாடினார்கள். இந்த இயக்கத்துக்கு 'டெம்பரரி ஹோர்டிங்' என்று ஓர் இதழ் இருந்தது. சிட் ஷெல்டன் போன்றவர்கள் புகைப்படமும் வடிவமைப்பும் செய்தார்கள். வெட்டி ஒட்டிய எழுத்துகள், சுவரொட்டிபோல விரியும் பக்கங்கள். பங்கின் பாணியைப் பறித்து அதன் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்த இதழ் என்று சொல்வேன். அரசியல் இதழ் என்றால் கட்டம்கட்டி, கறுப்பு மையில், கண் வலிக்கும் சின்ன எழுத்தில்தான் வரவேண்டும் என்று நமக்கு யார் சொன்னது?

இதழ்களைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. டெரி ஜோன்ஸ் 1972 முதல் 1977 வரை பிரிட்டிஷ் 'வோக்'கின் கலை இயக்குநர். அங்கிருந்து வெளியேறி, 1980இல் மனைவி ட்ரிஷியாவுடன் சேர்ந்து 'ஐ-டி' இதழைத் தொடங்கினார். படுக்கைவாட்டில் நீண்ட தாள்கள், தட்டச்சு எழுத்துகள், ஸ்டேப்ளர் அடித்த முதுகு, விலை 50 பென்ஸ். சைக்ளோஸ்டைல் காலத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். உள்ளே ஸ்டீவ் ஜான்ஸ்டன் எடுத்த படங்கள்: தெருவில் போகிறவரை நிறுத்தி, ஒரு சுவரை ஒட்டி, தலை முதல் கால் வரை, நேராக. 'ஸ்ட்ரெய்ட்-அப்' என்று பெயர். பக்கத்தில் அவர் யார், என்ன போட்டிருக்கிறார், எங்கே கிடைத்தது என்ற குறிப்பு.

இந்தப் படக்குறிப்பைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வோக்கிலும் குறிப்பு உண்டு: துணியின் பெயர், கடையின் பெயர், விலை. அணிந்த பெண் பெரும்பாலும் வெறும் தாங்கி. ஜோன்ஸ் அந்த வடிவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே இருப்பதை மாற்றினார். பெயர் இப்போது அணிந்தவருடையது. கடை பழந்துணிக் கடை. பெரிய பத்திரிகையில் வேலை பார்த்தவர் அங்கே கற்ற வித்தையைக் கொண்டே அதைக் கவிழ்ப்பது என்றால் இதுதான். தோற்றப் பாணியைக் கண்டுபிடிக்கிறவர் டிசைனர் என்ற நம்பிக்கை சில பக்கங்களுக்காவது இடம்பெயர்ந்தது. படிக்கிற பையனுக்கு 'இதை வாங்கு' என்று கேட்கவில்லை, 'நீயும் செய்யலாமே' என்று கேட்டது.

எத்தனை நாளைக்கு? குறிப்பு வடிவத்துக்குள் வோக்கின் பேய் இருக்கத்தான் செய்தது. விளம்பரங்கள் வந்தன, இதழ் நிமிர்ந்து நின்றது, தாள் வழவழத்தது, பழந்துணிக் கடையின் இடத்தில் பெரிய நிறுவனங்களின் பெயர்கள் ஏறின. 2012இல் வைஸ் நிறுவனம் 'ஐ-டி'யை வாங்கியது. 2023இல் அது ஒரு மாடல் அழகியின் நிறுவனத்துக்குக் கைமாறியது. மாடலின் பெயர் முதலாளியின் இடத்துக்கே வந்துவிட்டது என்று வேண்டுமானால் மகிழலாம்!

அதே 1980இல் நிக் லோகன் தொடங்கிய 'தி ஃபேஸ்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நெவில் பிராடியின் எழுத்து வடிவங்களுக்காக இன்றும் வடிவமைப்பாளர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். 1985இல் ஹெப்டிஜே அதன்மீது பாய்ந்தார். ஆழமில்லாத, வரலாறில்லாத, எல்லாம் ஒரே பரப்பில் கிடக்கிற தட்டை உலகம் அது என்றார். 1979இல் ஊக்கில் அர்த்தம் கண்டவர் ஆறே ஆண்டுகளில் பக்க வடிவமைப்பைக் கண்டு பதறுவது வேடிக்கை. பதற்றத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அதே 'ஃபேஸ்' பக்கங்களில்தான் ரே பெட்ரி என்ற ஸ்டைலிஸ்ட், 'பஃபலோ' என்ற தன் கூட்டத்தோடு, கறுப்பின, கலப்பின இளைஞர்களை நடுப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். விமானப்படை ஜாக்கெட் போட்ட ஆண்களுக்குப் பாவாடை கட்டிவிட்டார். 1989இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். தட்டையான பரப்பிலும் இப்படிச் சில மேடுகள் இருந்தன என்பதை ஹெப்டிஜ் பார்க்கவில்லை.

2016 நவம்பர் 26 அன்று, பிஸ்டல்ஸின் முதல் தட்டு வெளிவந்து நாற்பது ஆண்டு நிறைந்த நாளில், மெக்லாரன்-வெஸ்ட்வுட்டின் மகன் ஜோ கோரே தேம்ஸ் நதியில் ஒரு படகில் தன் பங்க் சேகரிப்பைக் குவித்துத் தீ வைத்தார். பங்க் அரசு விழாவாகிவிட்டதற்கு எதிர்ப்பு. ஐம்பது லட்சம் பவுண்டு மதிப்பு என்றார்கள். எதிர்ப்பின் அளவைச் சொல்லவும் விலைதான் தேவைப்பட்டது. அதே தேம்ஸின் கரைச் சேற்றில் எண்பதுகளில் ஜூடி பிளேம் என்ற கலைஞர் குனிந்து எலும்பும் சாவியும் பொத்தானும் பொறுக்கி நகை செய்தார். எனக்கு இவர் நெருக்கம்.

கிழிசல் இப்போது தொழிற்சாலையிலேயே தயாராகிறது. நாள்பட அணிந்து நைந்ததுபோலத் தோன்றுவதற்காக ஜீன்ஸ் துணிமீது மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். துருக்கியில் அந்த வேலை பார்த்த இளைஞர்களுக்கு சிலிகோசிஸ் நோய் வந்து நுரையீரல் கெட்டது. பலர் இறந்தார்கள். 2009இல் துருக்கி அதைத் தடைசெய்தது. வேலை வங்கதேசம் போன்ற நாடுகளுக்கு நகர்ந்தது. 'எங்கே கிடைத்தது' என்று கேட்ட ஐ-டி குறிப்பில் இதற்கான வரி கிடையாது.

கட்டுரையை முடித்துவிட்டு நண்பரிடம் ஜிப்பாவை எங்கே தைத்தீர்கள் என்று கேட்டேன். 'தெருமுனையில ஒருத்தர் இருக்கார். பத்து வருஷமா அவர்கிட்டதான்' என்றார். பெயரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். 'டெய்லர்னுதான் கூப்பிடுவேன்' என்றார்.