ஒரே தேதி, வேறு வேறு கணக்கு

‘வரலாற்றில் இன்று’ பகுதி நாளிதழிலும் வரும், காலையில் வாட்ஸ்அப்பிலும் வந்து நிற்கும். படிக்கச் சுவையானதுதான். ஆனால் அந்த வடிவத்திலேயே இரண்டு குறைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இந்தக் குறிப்பு.

செப்டம்பர் 15-ஐ எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு அது அண்ணா பிறந்த நாள் (1909). அதே தேதியில் 1861-ல் விசுவேசுவரய்யா பிறந்தார். 1950-ல் மறைமலையடிகள் மறைந்தார். 2023-ல் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. பட்டியலில் நான்கும் அடுத்தடுத்த வரிகள். ஆனா நாலும் ஒண்ணா? முதல் மூன்றும் ஒரே தேதியில் விழுந்தது தற்செயல். நான்காவது, நாளும் ஊரும் பார்த்து வைத்தது. தற்செயலுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. தேர்வுக்குத் தேடித்தான் ஆக வேண்டும்.

இரண்டு நாள் தள்ளி, செப்டம்பர் 17. பெரியார் பிறந்த நாள் (1879). 1949-ல் அவரை விட்டுப் பிரிந்தவர்கள் திமுகவைத் தொடங்கியதும் அதே தேதியில்தான். தலைவர் நாற்காலியை அவருக்கென்று காலியாக விட்டார்கள்; அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். பிரிந்தும் அறுபடாத உறவு அந்தத் தேதியில் இருக்கிறது. பட்டியலோ பிறப்புக்கு ஒரு வரி, கட்சிக்கு ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் தூப்புல். வேதாந்த தேசிகர் அங்கே பிறந்தது 1268-ல், புரட்டாசித் திருவோணத்தில். அந்தத் திருநட்சத்திரம் ஒரு வருஷம் செப்டம்பரில் வரும், ஒரு வருஷம் அக்டோபரில் வரும். அவரை எந்தத் தேதிக்குக் கீழே எழுதுவது? ஊரே கொண்டாடும் ஒருவருக்குப் பட்டியலில் நிலையான இடம் கிடையாது.

தேதி உறுதியாக இருந்தால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுமா? ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸ் இருவருக்குமே 1616 ஏப்ரல் 23-ஐ நினைவு நாளாகச் சொல்கிறார்கள். அன்று ஸ்பெயினில் கிரிகோரியன் நாட்காட்டி, இங்கிலாந்தில் பழைய ஜூலியன். இரண்டுக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். தாளில் ஒரே தேதி, வானத்தில் வேறு நாள்.

பெயர் பெற்றவர்கள் கதை இது. தறிக்காரத் தெருவில் வயசானவங்களைக் கேட்டுப் பாருங்க. “1979-ல அத்திவரதர் எழுந்தருளினப்போ நான் கைக்குழந்தை”ன்னு கணக்கு சொல்றவங்க இருப்பாங்க. பெருமாள் மறுபடி வந்தது 2019-ல், 48 நாள். அந்த நாற்பது வருஷம் அவங்க மனசுல துல்லியமா நிற்கும். சான்றிதழில் இருப்பதோ, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதியாகக்கூட இருக்கலாம். எதை வரலாறு என்பது?

இந்தப் பட்டியல்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும்: தற்செயல், தேர்வு, கணிப்பு. திருநட்சத்திரக்காரர்களுக்கு மாதத்துக்கு ஒரு தனிப் பெட்டி. அப்போதுதான் பிறப்புப் பதிவேடு இல்லாத காலத்து மனிதர்களும் ‘இன்று’ என்ற சொல்லுக்குள் வருவார்கள்.