சாயமும் டிகாஷனும்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். தலையாட்டினால் அடுத்த கேள்வி, "பால் தேத்தண்ணியோ, பிளேன்டீயோ?" மதுரையிலும் திருச்சியிலும் இந்த இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை. டீ என்றால் பால் டீதான். பாலில்லாத டீ வயிறு சரியில்லாதவருக்கும் உடம்பைக் குறைக்க நினைப்பவருக்கும் உரியது. வந்தவருக்கு அதைக் கொடுத்தால், வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று மன்னிப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

செடி ஒன்றுதான். இரு நாட்டு மலைகளிலும் கொழுந்து பறித்த கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். ஆனாலும் இரண்டு அடுப்படிகளில் இரண்டு முறைகள் வேரூன்றின. நாக்கின் விருப்பம் மட்டும் இதற்குக் காரணமல்ல. தொழிற்சாலையில் எந்த இயந்திரம் ஓடியது, வீட்டுக்கு எந்தப் பால் வந்தது என்ற இரண்டும்தான் முறையைத் தீர்மானித்தன. இதைப் புரிந்துகொண்டால் இரு முறைகளையும் நம் வீட்டிலேயே சரியாகச் செய்யலாம். புரியாமல் இலங்கைத் தூளைத் தமிழ்நாட்டு முறையில் கொதிக்கவைத்தால் கசப்புதான் மிஞ்சும்.

தூள் தரும் வேறுபாடு

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த ஆண்டுகளில் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்களை அழிக்க, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. அங்கே வேரூன்றிய தயாரிப்பு முறை ஆர்த்தடாக்ஸ். கொழுந்தை வாட்டி, உருளும் இயந்திரத்தில் முறுக்கி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்திச் சலிப்பார்கள். இலை முறுகிச் சுருளுமே தவிரக் கூழாகாது. இன்றும் இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி இப்படித்தான் ஆகிறது. விளைவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறிவிடுகிறது.

இந்தியாவின் கதை வேறு. விளைவதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்நாட்டிலேயே குடித்துவிடுகிறார்கள். இத்தனை பேருக்குக் குறைந்த விலையில், பாலிலும் சர்க்கரையிலும் அமுங்கிப் போகாத தூள் வேண்டும். 1930-களில் அசாமில் உருவான சிடிசி இயந்திரம் அந்தத் தேவைக்குப் பொருந்தியது. பல் வெட்டிய உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சின்னச் சின்ன மணிகளாகச் சுருட்டுகிறது அது. இலையின் உயிரணுக்கள் முழுவதும் உடைவதால் தண்ணீர் பட்டதும் நிறமும் கடுமையும் ஒரேயடியாக இறங்கும். ஒரு கிலோ தூளில் எத்தனை டீ போடலாம் என்று கணக்குப் பார்க்கும் டீக்கடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆக, ஆர்த்தடாக்ஸ் தூள் மெதுவாக இறங்கும். மணமே அதன் சொத்து. சிடிசி விரைவாக இறங்கும். அழுத்தமே அதன் சொத்து. முன்னதை ஊறவைக்க வேண்டும், பின்னதைக் கொதிக்கவிடலாம். மீதி எல்லாம் இதன் கிளைகள்.

பால் தரும் வேறுபாடு

1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்குப் பிறகு தமிழ்நாட்டு நகரங்களில் விடிந்ததும் பால் பாக்கெட் வாசலுக்கு வந்துவிடுகிறது. கிராமத்தில் கறந்த பால் உண்டு. புதிய பால் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் பாலிலேயே தேயிலையைக் கொதிக்கவைக்கும் பழக்கம் நிலைத்தது.

இலங்கையில் பெரும்பாலான வீடுகளின் பால், தகரத்திலோ பைக்கட்டிலோ இருக்கும் பால்மா, அதாவது பால் பவுடர். அதன் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து இறக்குமதியாகிறது. டொலர் தட்டுப்பட்டால் பால்மாவும் தட்டுப்படும். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். பல கடைகளில் பால் தேத்தண்ணி எட்டாத விலைக்குப் போனது. ஆனால் நாடு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தவில்லை. பிளேன்டீ இருந்தது. பாலில்லாமல் குடிக்கும் பழக்கம் அங்கே முன்பே வேரோடியிருந்ததால், அந்த நாட்களிலும் வந்தவர் முன் ஒரு கோப்பையை வைக்க முடிந்தது.

பிளேன்டீ ஊற்றும் முறை

இரண்டு பேருக்கு 400 மில்லி தண்ணீர், 2 தேக்கரண்டி பிஓபிஎஃப் (சிறிதாக உடைந்த இலை) தரத் தூள். நுவரெலியா போன்ற உயர்நிலத் தூளானால் சாயம் (இறங்கிய தேநீர்) வெளிறியும் மணம் கூடியும் இருக்கும். ருகுணுப் பகுதியின் தாழ்நிலத் தூளானால் சாயம் கறுத்துக் கனக்கும். கேத்திலில் புதிதாகப் பிடித்த தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு ஜக்கைச் சுடுதண்ணீரால் அலசிச் சூடாக்கி, தூளைப் போட்டு, கொதிநீரை அதன் மேல் ஊற்றி மூட வேண்டும். 3 முதல் 4 நிமிடம் போதும். தூளுடன் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது.

தேயிலைச் சோதனைக்கென ஒரு பன்னாட்டு அளவு இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். அது குறைகளைக் கண்டுபிடிப்பதற்காக வேண்டுமென்றே கடுமையாக இறக்கும் முறை. வீட்டுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும்.

இஞ்சி வேண்டுமானால் ஒரு துண்டைத் தட்டித் தூளோடு சேர்த்து ஊறவைக்கலாம். தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்தால் கருஞ்சிவப்புச் சாயம் கண்ணெதிரே பொன்னிறத்துக்கு வெளிறும். புளிப்புப் பட்டதும் தேயிலையின் நிறப்பொருள்கள் அப்படி மாறுகின்றன. தூள் மோசமென்று நினைத்துவிட வேண்டாம். பிளேன்டீயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில தூள்களில் கலங்கிப்போகும். அதுவும் கெட்டுப்போனதன் அடையாளமல்ல. கொஞ்சம் கொதிநீர் விட்டால் தெளிந்துவிடும்.

பால்மாத் தேத்தண்ணி

இதில் கைப்பழக்கம் வேண்டும். ஒரு கோப்பைக்கு 2 மேசைக்கரண்டி பால்மாவையும் விருப்பத்துக்கேற்ற சீனியையும் முதலில் உலர்ந்தபடியே கலக்க வேண்டும். சீனி மணிகள் மாவைப் பிரித்து வைப்பதால் கட்டி பிடிக்காது. அதில் இரண்டு கரண்டி சூடான சாயம் விட்டுக் கரண்டியின் பின்புறத்தால் தேய்க்க வேண்டும். மாவு மினுமினுக்கும் கூழாக வரும்வரை தேய்த்த பிறகே மீதிச் சாயத்தை ஊற்றலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றினால் வெள்ளைக் கட்டிகள் மிதக்கும். எவ்வளவு அடித்தாலும் கரையாது. கடைசியில் ஜக்கிலிருந்து ஜக்குக்கு மூன்று நான்கு முறை உயர்த்தி ஆற்றினால் நுரை வரும். இதற்குச் சாயம் பிளேன்டீயைவிடக் கடுப்பாக இருக்க வேண்டும். தூளை ஒன்றரை மடங்கு போடலாம். இனிப்பூட்டிய டின் பால் விட்டால் சீனி வேண்டாம்.

தமிழ்நாட்டுக் கடையும் வீடும்

டீக்கடையில் பால் தனி, டிகாஷன் தனி. பாய்லரின் சுடுநீர் துணிப்பையில் இருக்கும் தூள் வழியாக இறங்கி டிகாஷனாகிறது. பக்கத்துச் சட்டியில் பால் சன்னமாகச் சுண்டிக்கொண்டே இருக்கிறது. மாஸ்டர் கிளாஸில் சர்க்கரை போட்டு, பால் விட்டு, மேலே டிகாஷனைச் சேர்த்து, ஒரு முழ உயரத்துக்கு ஆற்றிக் கொடுக்கிறார். "ஸ்ட்ராங்கா" என்றால் டிகாஷன் கூடும், "லைட்டா" என்றால் குறையும். ஒவ்வொரு கிளாஸும் அவரவர் நாக்குக்கு ஏற்ப அமைவது இந்தப் பிரிப்பால்தான். இந்த அமைப்பு இலங்கை முறைக்கு மிக அருகில் நிற்கிறது. கடையின் டிகாஷனும் யாழ்ப்பாணத்தின் சாயமும் ஒரே வேலையைச் செய்கின்றன.

வீட்டில் செய்வது ஒரே பாத்திர டீ. இரண்டு பேருக்கு ஒரு கப் தண்ணீரில் தட்டிய இஞ்சியைப் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பச்சை இஞ்சியில் பால் புரதத்தைத் திரிக்கும் நொதி இருக்கிறது. தண்ணீரில் நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். இஞ்சியைப் பாலில் நேராகத் தட்டிப் போட்டுவிட்டுப் பால் திரிந்ததென்று பால்காரரைக் குறை சொல்லும் வீடுகள் உண்டு. பிறகு 3 தேக்கரண்டி சிடிசி தூள், இரண்டு நிமிடக் கொதி. ஒரு கப் பால் விட்டு, பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, மறுபடி பொங்கவிட்டு இறக்கலாம். பால் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் இவ்வளவு கொதித்தும் நாக்கு சுருங்குவதில்லை. அந்தத் துவர்ப்போடு மென்மணங்களும் அமுங்கிவிடுகின்றன என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

இனிப்பு: கரைப்பதும் கடிப்பதும்

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியையும் தென்னிலங்கையில் கித்துள் கருப்பட்டியையும் ஒரு துண்டு கடித்துக்கொண்டு, சீனி போடாத பிளேன்டீயை உறிஞ்சுவார்கள். தமிழ்நாட்டில் கருப்பட்டியைக் கரைத்துக் குடிப்பதே வழக்கம். தென்மாவட்டத்துக் கருப்பட்டிக் காப்பி பெயர்பெற்றது. கடித்துக் குடிக்கும்போது ஒவ்வொரு மிடறிலும் இனிப்பு முன்னே வந்து, துவர்ப்பு பின்னே வந்து, தேயிலை தன் சுவையோடு தனித்து நிற்கிறது. சின்னத் துண்டே நெடுநேரம் வருகிறது. பால் டீயில் கருப்பட்டியோ வெல்லமோ போட விரும்புபவர்கள், அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு கடைசியில் கலக்கவும். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம்.

சட்டிக்குள் தேயிலை

சமையலுக்குள் தேயிலை இரு பக்கத்திலும் அதிகம் நுழையவில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே, வட இந்தியாவில் அது நுழைந்த இடங்களில் உறுதியாக நிற்பது பஞ்சாபி சோலே. ஒரு கப் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, ஒரு மேசைக்கரண்டி டீத்தூளைத் துணியில் முடிந்து, உப்போடு குக்கரில் போட்டு ஐந்தாறு விசில் விடுகிறார்கள். சிலர் காய்ந்த நெல்லிக்காயும் சேர்ப்பார்கள். முடிச்சை எடுத்துவிட்டுப் பார்த்தால் கடலை கருமையேறி, மசாலாவுக்கு ஆழமான பின்சுவை கொடுக்கும். காஷ்மீரில் பச்சைத் தேயிலையைச் சமையல் சோடாவோடு நெடுநேரம் காய்ச்சி, உப்பும் பாலும் சேர்த்து இளஞ்சிவப்பு நூன் சாய் செய்கிறார்கள்.

இலங்கையின் செல்வம் வேறு பக்கம் இருக்கிறது. தேயிலை இல்லாத தேநீர்கள் அங்கே வீட்டிலும் கடையிலும் சாதாரணம். ரணவரா என்று சிங்களத்தில் சொல்வது நம் ஆவாரம்பூ. பெலிமல் என்பது வில்வம்பூ. இரமுசு என்பது நன்னாரி. உலர்ந்த பூவையோ நன்னாரி வேரையோ இரண்டு கப் தண்ணீரில் போட்டு ஒரு கப்பாக வற்றவிட்டு, கித்துள் கருப்பட்டியோடு குடிக்கிறார்கள். தடிமன் பிடித்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் கொதித்த தண்ணீர். ஆவாரை நம் ஊர்ச் சாலையோரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. அதை அன்றாடக் கோப்பைக்குள் கொண்டுவர நாம் இலங்கையிடம் கற்கலாம்.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் லயக் குடியிருப்புகளில் தேத்தண்ணிக்குத் துணை தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த ரொட்டியும் சம்பலும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

எதை யாரிடம் கற்பது

1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலைகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ ஆனது. கடல் தாண்டி வந்தும் அவர்கள் கையில் அதே கொழுந்துக் கூடைதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் கிள்ளி, முற்றிய இலையை விட்டுவிடும் அந்தக் கவனம்தான் நல்ல தேயிலையின் தொடக்கம். அந்தக் கவனம் கோப்பையில் தெரிகிறதா என்பதைப் பால் டீயில் அறிய முடியாது. பாலும் சர்க்கரையும் நல்ல தூளையும் மோசமான தூளையும் ஒன்றுபோல ஆக்கிவிடும். பாலில்லாத கோப்பையில் மட்டமான தூள் ஒரு மிடறிலேயே அம்பலமாகிவிடும்.

அதனால் தமிழ்நாட்டு வீடுகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எந்தப் புதிய பாக்கெட்டைப் பிரித்தாலும் முதல் கோப்பையைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஊற்றிப் பாருங்கள். நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் தூள் கிடைத்தால் அதை இலங்கை முறையிலேயே மூடி ஊறவையுங்கள். மணக்கும் தூளைப் பாலில் போட்டு வீணாக்காதீர்கள். பாலுக்குச் சிடிசி போதும். இலங்கை வீடுகள் நம்மிடம் எடுத்துக்கொள்ளக் கூடியதும் உண்டு. பசும்பால் கிடைக்கும் நாளில் அதைச் சுண்டக் காய்ச்சி, கடுஞ்சாயத்தில் விட்டு, உயர்த்தி ஆற்றினால் பால்மா தராத கனம் கிடைக்கும். வந்தவருக்குப் பிளேன்டீ கொடுக்கக் கூச்சப்படாத பழக்கத்தை மட்டும் இலங்கை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. நாமும் அதைப் பழகிக்கொண்டால், நல்ல இலைக்கு நல்ல விலை கேட்கும் குரல் கடைத்தெருவிலிருந்தே எழும்.