காக்கா, நரி, ஒன்பதாம் வகுப்பு

நண்பர் வீட்டுப் பையன் ஒன்பதாவது படிக்கிறான். மீசை அரும்பிவிட்டது. பழைய மொபைலைப் பிரித்துத் திரும்ப மாட்டுவான். ஐ.பி.எல். ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வாசிக்க மட்டும் வராது. டிஸ்லெக்ஸியா. புத்தியில் ஒரு குறையும் இல்லை. எழுத்துகள்தான் அவனோடு ஒத்துழைக்க மறுக்கின்றன.

போன மாதம் அவர்கள் வீட்டு சோபா மெத்தைக்கு அடியில் ஒரு புத்தகம் தட்டுப்பட்டது. பாட்டி, வடை, காக்கா, நரி. பக்கத்துக்கு ஒரு படம், கீழே கொட்டை எழுத்தில் ஒரே வரி.

"ஏண்டா ஒளிச்சு வெச்சிருக்கே?"

"தங்கச்சி பார்த்தா சிரிப்பா அங்கிள். அவ யூ.கே.ஜி.ல படிச்ச புக்கு."

வாசிப்புப் பயிற்சிக்காக சிறப்பு ஆசிரியை கொடுத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வேறு எதைக் கொடுத்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். நான் ஒரு புத்தகக் கடையில் விசாரித்தேன். "பதினாலு வயசுப் பையனுக்கு" என்றதும் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் அடுக்கினார்கள். "சுலபமா வாசிக்கிற மாதிரி" என்றதும் மறுபடி காக்கா பறந்து வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. இவனால் வாசிக்க முடிகிற புத்தகத்தில் இவன் வயசுக்கு விஷயம் இல்லை. விஷயம் உள்ள புத்தகத்தை இவனால் வாசிக்க முடியாது.

எடின்பரோவில் 1998-ல் ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டிஸ்லெக்ஸியா குழந்தைகளுக்கான பள்ளியை நடத்தியவர் பேஷன்ஸ் தாம்சன். அவரும் மருமகள் லூசி ஜக்ஸும் தொடங்கிய பதிப்பகம் 'பேரிங்டன் ஸ்டோக்'. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு வயது உண்டு: ரசிக்கும் வயது, வாசிக்கும் வயது. கதை பதிமூன்று வயதுக்கானது, வாக்கியம் எட்டு வயதுக்கானது என்று இருக்கலாம். கண்ணைக் கூசாத பழுப்பு வெள்ளைத் தாள், பின்பக்க எழுத்து தெரியாத கனம், இதற்கென்றே அமைத்த எழுத்துரு, சின்னச் சின்ன அத்தியாயங்கள். எழுதியவர்களும் சாமானியர்கள் இல்லை. மைக்கேல் மார்பர்கோ, மலோரி பிளாக்மேன் எல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

'ஏதோ பாவப்பட்ட பிள்ளைகளுக்கு' என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் குழந்தை இலக்கியத்துக்குப் பெரிய மரியாதை கார்னெகி பதக்கம். 2020-ல் அது அந்தோணி மெக்கவன் எழுதிய 'லார்க்' என்ற நாவலுக்குப் போனது. அது பேரிங்டன் ஸ்டோக் புத்தகம். அண்ணன் தம்பி இருவர் ஒரு நாயோடு யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் நடக்கப் போகிறார்கள். பனிப்புயலில் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. குட்டி வாக்கியங்கள்தான். ஆனால் குளிர், பயம், பாசம் எதிலும் தள்ளுபடி கிடையாது. பரிசுக்காரர்கள் வாக்கியத்தின் நீளத்தை அளக்கவில்லை, கதையின் ஆழத்தைப் பார்த்தார்கள்.

"இங்கிலீஷ் சரி, தமிழில் ஆகுமா?" என்பீர்கள். தமிழில்தான் அவசரத் தேவை. நம் எழுத்தில் சில பொறிகள் இருக்கின்றன. 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண் பார்க்கிற வரிசை வேறு, காது கேட்கிற வரிசை வேறு. பல எழுத்துருக்களில் துணைக்காலும் 'ர'வும் இரட்டைப் பிறவி. போதாக்குறைக்கு ஒரு சொல்லோடு இன்னொரு சொல்லை ஒட்டி ரயில்பெட்டி மாதிரி கோத்துவிடுகிறோம். இதைப் பாருங்கள்:

'அணை திறந்துவிடப்பட்டதைத்தொடர்ந்து வெள்ளம் கரைபுரண்டோடிக்கொண்டிருந்ததால் அவனால் மறுகரையிலிருந்த தந்தையிடம் செல்லமுடியவில்லை.'

இதையே இப்படியும் எழுதலாம்:

'அணையைத் திறந்து விட்டார்கள். ஆற்றில் வெள்ளம். அந்தக் கரையில் அப்பா. எப்படிப் போவது?'

கதையில் ஏதாவது குறைந்ததா? எனக்கென்னவோ இரண்டாவதில்தான் பயம் அதிகம்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 1942-ல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், அதிகம் படிக்காதவரும் வாசிக்கும் தமிழில்தான் பத்திரிகை நடத்தினார். டீக்கடை பெஞ்சில் எழுத்துக்கூட்டியவருக்கு அதில் வந்தது கொலை, கோர்ட், தேர்தல், சினிமா. காக்கா வடை இல்லை. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் வந்தது. பாடப்புத்தகத்தைக் கண்டால் ஓடிய எத்தனையோ பையன்கள் அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வாசித்தார்கள். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம், ஐம்பது வயதில் எழுத்துக் கற்ற அம்மாக்களுக்காகப் பெரிய எழுத்தில் குட்டிப் புத்தகங்கள் போட்டது. பெரியவர்களுக்கு இத்தனை செய்த தமிழ், இந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டது.

2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் சேர்த்துக்கொண்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் தருகிறார்கள், சொல்லச் சொல்ல எழுத ஆள் தருகிறார்கள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கும் தருகிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் வாசிப்பிலிருந்து விலக்கு கொடுப்பது ஒன்று, வாசிக்க ஏதாவது கொடுப்பது இன்னொன்று. 2023-ல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் சின்னப் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று பிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. நெற்றியில் 'இரண்டாம் வகுப்பு' என்று ஒட்டுவதைவிட 'நட' என்பது எவ்வளவு கௌரவம்! அதே கௌரவத்தோடு மீசை முளைத்தவனுக்கும் புத்தகம் வரவேண்டும்: கிரிக்கெட், பேய், துப்பறிதல், முதல் காதல், அப்பாவோடு சண்டை. அட்டையில் முயல்குட்டி வேண்டாம். எழுதவேண்டியவர்கள் நம் நல்ல எழுத்தாளர்கள். ஐந்நூறு பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஐம்பது பக்கம் சவால்தான்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்று, அந்த ஆற்று வெள்ளத்தை வைத்து நாலு பக்கம் எழுதி, பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். வாசித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் போனபோது தாள்கள் மெத்தைக்கு அடியில் இல்லை, டீபாய் மேல் கிடந்தன.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாதான் இருக்கு அங்கிள். கடைசில எதுக்கு அட்வைஸ்?"

நியாயமான விமரிசனம். கடைசி வரியை அடித்துவிட்டேன்.